தெங்காரோங் செபராங் வயல்: நிலக்கரி உரிமப் பரப்புக்குள் வந்துவிட்டால்?

மகாகம்கரை | 9 மார்ச் 2025

கேள்வி நேரடியாக. இந்தோனேசியா, கிழக்கு காலிமந்தான் மாகாணம், குத்தாய் கர்த்தானெகாரா மாவட்டம், தெங்காரோங் செபராங். டிரான்ஸ்மிகிராசி எனும் அரசுக் குடியேற்றக் காலத்து வயல், முக்கால் ஹெக்டேர், மனைவி பெயரில் ஹக் மிலிக் (முழு உரிமை) சான்றிதழ். சுற்றி இருக்கும் வயல்கள் ஒவ்வொன்றாக நிலக்கரிக் கம்பெனிக்குப் போகின்றன. "உங்கள் நிலமும் உரிமப் பரப்புக்குள்தான், இப்போதே கொடுத்தால் விலை கிடைக்கும், பிறகு சும்மா எடுத்துக்கொள்வார்கள்" என்கிறார் தரகர். முழு உரிமைச் சான்றிதழ் இருக்கும்போது யாரும் தொட முடியாது என்பது என் கணக்கு. சரியா?

மூன்றுடிகிரி | 9 மார்ச் 2025

தரகர் சொல்வது பொய், நீங்கள் சொல்வது பாதி.

நிலம் உங்களுடையது, அடியில் இருக்கும் கரி அரசுடையது (அரசியல் சட்டம், பிரிவு 33). கம்பெனி கையில் இருக்கும் ஐயூபி அந்தக் கரிக்கான உரிமம் மட்டுமே. 2009 கனிமச் சட்டம் இதை மூன்று இடத்தில் சொல்கிறது. பிரிவு 134: சுரங்கப் பரப்பின் மீதான உரிமையில் மேல்நிலம் சேராது. 136: உற்பத்தி தொடங்கும் முன் நிலத்துக்காரரோடு கணக்குத் தீர்க்க வேண்டும். 138: ஐயூபி நில உரிமை ஆகாது. பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளும் வழி 2012 நில எடுப்புச் சட்டப்படி சாலை, அணை மாதிரிப் பொதுநல வேலைகளுக்குத்தான். தனியார் கரிக்குழி அதில் வராது.

ஆனால் அதே கனிமச் சட்டத்தில் 162 இருக்கிறது. உரிமம் உள்ள வேலைக்கு இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10 கோடி ரூப்பியா வரை அபராதம். நிலக் கணக்கைத் தீர்த்த கம்பெனிக்குத்தான் அந்தப் பிரிவு உதவும் என்று வாதாடலாம், வாதாட வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷனாக இருக்கும். அதனால் லாரிக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போடாதீர்கள். ஆட்சேபணையைக் கடிதமாகக் கொடுங்கள். ஒரு நகல் கிராமத் தலைவருக்கு, ஒரு நகல் சாமாட் (வட்டத் தலைவர்) அலுவலகத்துக்கு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக்கூடாது.

கரிப்படகு | 10 மார்ச் 2025

சட்டம் கிடக்கட்டும். நிலத்தை எடுக்காமலேயே பயனில்லாமல் ஆக்கலாம், எல்லாருக்கும் தெரிந்த வழி அது. சுற்றி நாலு பக்கமும் வாங்கிவிட்டால் உங்கள் முக்கால் ஹெக்டேர் தீவு. மேற்கே மேல்மண் கொட்டி இருபது மீட்டர் மேடு எழும்பும், மழைத்தண்ணீர் முழுக்க உங்கள் வயலில் இறங்கும். கிழக்கே குழி. வாய்க்கால் துண்டாகிவிடும். கிராமச் சாலையை "மாற்றிக் கொடுக்கிறோம்" என்று சுற்றுவழி ஒன்று போடுவார்கள், உரமூட்டையோடு போனால் தெரியும் அதன் தூரம்.

ஆகவே இப்போதே கேட்க வேண்டியது விலையை அல்ல. பக்கத்து வயல்காரர்கள் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். விற்றார்களா, குத்தகைக்கு விட்டார்களா, லாரிப் பாதைக்கு மட்டும் கொடுத்தார்களா? வாய்க்காலின் தலைமடை யார் நிலத்தில் இருக்கிறது? அந்த ஒருவர் விற்றுவிட்டால் கீழே இருக்கிற எல்லாரும் விற்ற மாதிரிதான்.

மகாகம்கரை | 10 மார்ச் 2025

தலைமடை நிலம் போன வருஷமே போய்விட்டது.

கரிப்படகு | 10 மார்ச் 2025

அப்படியானால் விலையையும் கேளுங்கள்.

மூன்றுடிகிரி | 12 மார்ச் 2025

அதற்கு முன் வரைபடம். தரகர் "உரிமத்துக்குள்" என்றால் காட்டச் சொல்லுங்கள். எரிசக்தி அமைச்சகத்தின் மோமி வலைத்தளத்தில் ஐயூபி எல்லைகள், உரிமத்தின் கட்டம், காலாவதி எல்லாம் தெரியும். நில அமைச்சகத்தின் பூமி வலைத்தளத்திலும் 'செந்து தனாகு' செயலியிலும் உங்கள் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதறவேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்கவேண்டாம். குடியேற்றக் காலத்துச் சான்றிதழ்கள் பல எண்ம வரைபடத்தில் ஏறவே இல்லை. காகிதத்தில் உங்கள் நிலம் உண்டு, படத்தில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் மேல் இன்னொருவர் கிராமக் கடிதம் வாங்கிக் கம்பெனியிடம் காசு வாங்கிப் போய்விடுவார். மாவட்ட நில அலுவலகத்தில் சான்றிதழைக் காட்டி 'ப்ளோட்டிங்', அதாவது துண்டை எண்ம வரைபடத்தில் ஏற்றுவது, கேளுங்கள். இடம் தெளிவாக இல்லையென்றால் மறு அளவை. பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து எல்லை காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் விற்றுவிட்டுச் சமாரிண்டாவுக்குக் குடிபோகும் முன் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆயத்தொலைவில், அதாவது வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்களில், ஒரு வில்லங்கம். நில அலுவலகம் 3 டிகிரி அகலமுள்ள டிஎம்-3 வரைபட மண்டலத்தில் எழுதும், கம்பெனி 6 டிகிரி அகலமுள்ள யூடிஎம் மண்டலம் 50 தெற்கில் எழுதும். உங்கள் பக்கம் வடக்கெண் டிஎம்-3-இல் 14 லட்சத்து 50 ஆயிரத்துச் சொச்சம், யூடிஎம்மில் 99 லட்சத்து 50 ஆயிரத்துச் சொச்சம். அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாதது கிழக்கெண். தெங்காரோங் வட்டாரம் சரியாக 117 டிகிரி தீர்க்கரேகை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேற்கே டிஎம்-3 மண்டலம் 50.1, கிழக்கே 50.2. மண்டலத்தை மாற்றிப் போட்டு மாற்றினால் வயல் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். அவ்வளவு போனால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மோசம் எது தெரியுமா, பழைய வரைபடத்தைக் கைபேசி ஜிபிஎஸ் புள்ளி நான்கு வைத்துப் "பொருத்துவது". கைபேசி 3 முதல் 5 மீட்டர் தவறும். 75-க்கு 100 மீட்டர் வயலின் சுற்றளவு 350 மீட்டர். எல்லை நாலு பக்கமும் 3 மீட்டர் உள்ளே போனால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் காணாமல் போகும், ஏழில் ஒரு பங்கு.

லாடங் | 12 மார்ச் 2025

எல்லைக்கல் நடுங்க. 10-க்கு 10 சென்டிமீட்டர் கான்கிரீட், அரை மீட்டருக்குக் குறையாம நீளம், பெரும்பகுதி மண்ணுக்குள்ள. அதோட நாலு மூலையிலயும் பாக்கு மரம். கல்லை ராத்திரி பிடுங்கிடலாம், பதினஞ்சு வருஷப் பாக்கு மரத்தைப் பிடுங்கினா ஊருக்கே தெரியும். மரத்துக்கு நஷ்ட ஈட்டுல தனி விலையும் உண்டு.

மகாகம்கரை | 15 மார்ச் 2025

பூமி தளத்தில் துண்டு இல்லை. ப்ளோட்டிங் மனு கொடுத்தாயிற்று. நஷ்ட ஈட்டில் மரத்துக்குத் தனி விலை என்றால் எப்படி?

லாடங் | 15 மார்ச் 2025

ரெண்டு கணக்கு. நிலம் ஒண்ணு, 'தானம் தும்பு' ஒண்ணு, அதாவது மேல நிக்கிற பயிரும் மரமும். மரத்துக்கு மாவட்டத் தலைவர் ஆணையில விலைப்பட்டியல் இருக்கும்: இன்ன வகை, கன்னா, காய்க்கிறதா, பராமரிப்பில இருக்கா இல்லையான்னு. ரப்பர், செம்பனை, துரியான், ரம்புத்தான், வாழை எல்லாம் தனித்தனி வரி. அந்தப் பட்டியலோட தேதியப் பாருங்க. பழைய பட்டியலக் காட்டி முடிக்கப் பாப்பாங்க. பட்டியல் அடிமட்டம்தான், அதுக்கு மேல பேசலாம்.

எண்ணும்போது கூடவே நடக்கணும். எண்ணின மரத்துக்குச் சாயம் பூசி நம்பர் போட்டு, ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு தரப்பும் கையெழுத்து. வெறும் மொத்தத் தொகைத் தாள்ல கையெழுத்துப் போட்டா மூணு துரியான் "கன்னு" ஆயிடும்.

எண்ண வர்றாங்கன்னு தெரிஞ்சதும் மீட்டருக்கு ஒரு மரவள்ளி நடுற கூட்டமும் உண்டு. அளவை ஆளுங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, நெருக்கமா நட்டதை இத்தனை சதுர மீட்டர்னு மொத்தமாத்தான் எழுதுவாங்க.

கரிப்படகு | 17 மார்ச் 2025

சின்ன கம்பெனிகள் இன்னொரு தூண்டில் போடும்: நிலத்தை விற்கவேண்டாம், டன்னுக்கு இவ்வளவு தருகிறோம். கணக்கு தெரிந்தால் பேசலாம். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். கரிப்படுகை 2 மீட்டர் தடிமன் என்றால் 20,000 கன மீட்டர். அடர்த்தி 1.3 வைத்தால் 26,000 டன். தோண்டும்போது பத்து விழுக்காடு வீணாகும், மிச்சம் 23,400. உங்கள் முக்கால் ஹெக்டேருக்கு 17,500 சொச்சம். 300 அடிப் படகு ஒன்று ஏறக்குறைய 7,500 டன் ஏற்றும், ஆக இரண்டு படகும் கொஞ்சமும். (மகாகம் ஆறு வழியாக இறங்கும் அந்தப் படகு கடலில் கப்பலுக்கு மாறி எண்ணூரில் வந்து நிற்கவும் வாய்ப்புண்டு. அங்கே ஃபேன் போடுகிறவருக்கு இந்த வாய்க்கால் விவகாரம் எதற்கு.)

இதில் ஏமாற்று விழும் இடங்கள். படுகை எவ்வளவு தடிமன் என்பது துளைபோட்டவனுக்குத்தான் தெரியும், உங்கள் நிலத்தில் போட்ட துளையின் பதிவை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். டன் எங்கே எடைபோடப்படுகிறது? எடைமேடையில் உங்கள் நிலத்து லாரியும் பக்கத்து நிலத்து லாரியும் ஒரே வரிசையில் நிற்கும், பிரித்து எழுத யாருக்கும் அவசரமில்லை. ஆகவே லாரி எண்ணிக்கையை நம்பாமல், மாதக் கடைசியில் குழியை அளந்து கன அளவு போடுவதுதான் அடிப்படை என்று எழுதுங்கள். மூன்றாவது, விலை. 'லாபத்தில் பங்கு' வேண்டவே வேண்டாம், லாபம் என்பது கணக்கர் எழுதுவது. டன்னுக்கு நிலையான தொகை. கையெழுத்தன்று ஒரு பங்கு முன்பணம், திருப்பிக் கேட்க முடியாதது. நான்காவது, முடிந்த பிறகு குழி யார் பொறுப்பு? சான்றிதழ் உங்கள் மனைவி பெயரிலேயே இருக்கும். அதில் நாற்பது மீட்டர் ஆழக் குளமும் இருக்கும்.

மூன்றுடிகிரி | 17 மார்ச் 2025

குழி பற்றி: 2010 அரசு ஒழுங்குமுறை 78-இன்படி வேலை நின்ற பரப்பில் 30 நாளுக்குள் சீரமைப்பு தொடங்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். ஆனால் சுரங்கத்துக்குப் பிந்தைய திட்டத்தில் 'நீர்நிலை' என்று காட்டிவிட்டால் குழி குழியாகவே நிற்கலாம். சமாரிண்டாவிலும் குத்தாய் கர்த்தானெகாராவிலும் அப்படி நின்ற குழிகளில் 2011 முதல் குழந்தைகள் விழுந்து இறந்துகொண்டிருக்கிறார்கள். வேலி, எச்சரிக்கைப் பலகை, காவல், இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

2012 சுற்றுச்சூழல் அமைச்சக விதியில் குழி விளிம்புக்கும் குடியிருப்புக்கும் குறைந்தது 500 மீட்டர் என்று இருக்கிறது. அதைக் காட்டி வயலருகே தோண்டுவதையே நிறுத்திவிடலாம்.

கிணத்தடி | 18 மார்ச் 2025

நிறுத்த முடியாது. அந்த 500 மீட்டர் வீட்டுக்கு, வயலுக்கில்லை. அந்த விதியே கம்பெனி சூழலைப் பேணுகிறதா என்று மதிப்பிடும் அளவுகோல். புகார்க் கடிதத்தில் சேருங்கள், வலுக்கூடும். அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்.

நான் வந்தது தண்ணீருக்காக. வயல் இருக்கும் ஊரில்தானே வீடும் இருக்கும்? பக்கத்தில் குழி ஆழமானால் அவர்கள் ராப்பகலாகப் பம்ப் வைத்து இறைப்பார்கள், நிலத்தடி நீர் குழியை நோக்கிச் சாயும். முதல் அறிகுறி கிணறு வற்றுவதல்ல, பம்ப் "கெட்டுப்போவது". வீட்டில் இருக்கும் சாதாரண உறிஞ்சு பம்ப் ஏழெட்டு மீட்டருக்குக் கீழிருந்து இழுக்காது. தண்ணீர் ஒன்பது மீட்டருக்கு இறங்கினால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. மெக்கானிக் வாஷரை மாற்றிக் காசு வாங்கிப் போவார். அடுத்த வாரம் மறுபடி அதே கதை.

ஆகவே இன்றைக்கே கிணற்று வாயில் ஆணி அடித்து, ஆணியிலிருந்து நீர்மட்டம் வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை, காலையில், பம்ப் போடும் முன். ஜூன் முதல் செப்டம்பர் வரை கோடையில் எப்படியும் இறங்கும். ஒரு முழு வருஷக் கணக்கு இருந்தால்தான் "இது கோடை" என்று கம்பெனி ஆள் சொல்லும்போது வாயடைக்கலாம். பக்கத்து இரண்டு கிணறுகளையும் சேர்த்து அளந்தால் இன்னும் நல்லது. பிரிவு 145 நேரடிப் பாதிப்புக்கு ஈடு கேட்கவும் வழக்குப் போடவும் இடம் தருகிறது. நேரடி என்று காட்ட இந்த நோட்டுப் புத்தகம்தான் ஆதாரம்.

தரம்: கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு மணிநேரம் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவு, பிறகு ஆரஞ்சு நிறம் என்றால் கரைந்த இரும்பு. வெள்ளைத் துணியில், கழிப்பறைப் பீங்கானில் கறுப்புக் கறை என்றால் மாங்கனீசு. இரண்டுமே அங்கே இயற்கையாகவும் வரும், சுரங்கம்தான் காரணம் என்று உடனே குதிக்கவேண்டாம். புதிதாக pH குறைந்து சல்ஃபேட் ஏறியிருந்தால்தான் சந்தேகம் வலுப்படும். கரியோடு வரும் பைரைட் காற்றும் நீரும் பட்டு கந்தக அமிலமாவதுதான் விஷயம். சுரங்கம் வெளியேற்றும் நீர் pH 6 முதல் 9-க்குள், இரும்பு லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 2003 அமைச்சக அளவு. அந்த 7 ஆற்றில் விடுவதற்கு. குடிக்கிற தண்ணீருக்கு 2023 சுகாதார அமைச்சக விதிப்படி 0.2 தான். "எங்கள் தண்ணீர் வரம்புக்குள்" என்று சொன்னால் எந்த வரம்பு என்று கேளுங்கள்.

லாடங் | 18 மார்ச் 2025

வயலுக்கு அமிலத் தண்ணி வந்தா நெல்லு சொல்லும். அடி இலை நுனியில செம்புள்ளி, அப்புறம் இலை முழுக்கத் துரு நிறம், வேர் கறுத்து நாறும். இரும்பு நஞ்சு. யூரியா அள்ளிப் போட்டா தீராது. தண்ணியை வடிச்சு நாலஞ்சு நாள் காயவிட்டு, நல்ல தண்ணி கிடைச்சா திரும்பக் கட்டணும். டோலமைட் ஹெக்டேருக்கு ஒண்ணு ரெண்டு டன் போடலாம். மேட்டிலிருந்து சேறு இறங்கிக்கிட்டே இருந்தா போட்ட டோலமைட்டும் சேத்துக்கடியில போயிடும். முதல்ல வாமடையில சின்னப் படிவுக்குழி வெட்டுங்க, ரெண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆழம். சேறு அங்க தங்கும். பெருமழைக்கு அப்புறம் அள்ளிப் போடணும். அள்ளுற கூலியையும் எழுதி வைங்க.

மகாகம்கரை | 2 ஏப்ரல் 2025

வயலின் வடக்கு மூலையில் வாங்கிய மீன்குட்டைத் தண்ணீர் pH தாளில் 4 காட்டுகிறது. எவ்வளவு சுண்ணாம்பு?

கிணத்தடி | 2 ஏப்ரல் 2025

pH-ஐ வைத்து அளவு சொல்ல முடியாது. கரைந்திருக்கும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து சுண்ணாம்பு தின்னும். வாளிச் சோதனை: 10 லிட்டர் குட்டைத் தண்ணீர், நீர்த்த சுண்ணாம்புத்தூள் ஒவ்வொரு கிராமாகப் போட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் விட்டு pH பாருங்கள். 3 கிராமில் 7-ஐத் தொட்டால் கன மீட்டருக்கு 0.3 கிலோ. குட்டை 10-க்கு 10, ஒரு மீட்டர் ஆழம் என்றால் 100 கன மீட்டர், 30 கிலோ. ஒரே நாளில் கொட்டாதீர்கள், மூன்றாகப் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். மீன் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி 4-க்கு இறங்கினால் எங்கிருந்தோ அமிலம் ஊறிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

சமாரிண்டாவாசி | 5 ஏப்ரல் 2025

வேறு கேள்வி. எங்களிடம் கிராமத் தலைவர் கையெழுத்திட்ட எஸ்கேடி எனும் நில விவரக் கடிதம் மட்டும் இருக்கிறது. 2026 பிப்ரவரியோடு இந்தத் தாள்கள் செல்லாது என்கிறார்களே?

மூன்றுடிகிரி | 5 ஏப்ரல் 2025

அது கிரிக் மாதிரியான பழைய வழக்குரிமைத் தாள்களுக்கு. 2021 அரசு ஒழுங்குமுறை 18 வந்தது 2021 பிப்ரவரி 2. அதிலிருந்து ஐந்தாண்டுக்குள் பதிவு செய்யாவிட்டால் கிரிக் உரிமைச் சான்றாக ஏற்கப்படாது, பதிவுக்கு ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எஸ்கேடி தொடக்கத்திலிருந்தே அனுபவத்தைக் காட்டும் தாள்தான், உரிமைத் தாள் அல்ல. நிலவரி ரசீதும் அப்படியே.

உங்கள் கிராமத்துக்கு பிடிஎஸ்எல் பதிவுத் திட்டம் வந்தால் விடாதீர்கள். கிழக்கு காலிமந்தானில் ஆயத்தச் செலவாக வாங்கக்கூடியது துண்டுக்கு 2,50,000 ரூப்பியா என்று 2017-இல் மூன்று அமைச்சர்கள் கூட்டாக வரையறுத்தார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நிலம் வனப்பரப்பா என்பது. வன வரைபடத்தில் பச்சையாக இருந்தால் சான்றிதழே கிடையாது. கம்பெனி அந்த நிலத்துக்கு வன அமைச்சகத்திடம் அனுமதி வாங்கும், உங்களுக்குத் தருவது 'தாலி ஆசி' எனும் கருணைத்தொகை மட்டும்.

கரிப்படகு | 6 ஏப்ரல் 2025

எஸ்கேடியில் பரப்பு 'போரோங்' கணக்கில் இருந்தால் சதுர மீட்டராக மாற்றி எழுதச் சொல்லுங்கள். தெற்கு காலிமந்தான் பஞ்சார்காரர்கள் கணக்கில் ஒரு போரோங் 17-க்கு 17 மீட்டர், 289 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 35-க்குக் கொஞ்சம் குறைவு. பத்துக்குப் பத்து பாகம் (இரு கையும் விரித்த நீளம்) என்பதால் அளந்தவர் கை நீளத்தைப் பொறுத்ததும் கூட. குள்ளமானவர் அளந்த நிலம் காகிதத்தில் பெரிது.

மகாகம்கரை | 28 ஏப்ரல் 2025

ப்ளோட்டிங் முடிந்தது, துண்டு இப்போது படத்தில் தெரிகிறது. வடக்கு எல்லையில் நாலு மீட்டர் கம்பெனி வாங்கிய நிலத்தோடு மேலே விழுகிறது. இன்னொன்று, நான் இந்தியக் குடிமகன். மனைவி பெயரில் இருப்பதில் ஏதாவது சிக்கலா?

மூன்றுடிகிரி | 28 ஏப்ரல் 2025

நாலு மீட்டருக்கு: இரு தரப்பு அளவைத் தாளையும் வைத்து நில அலுவலகத்தில் கூட்டு அளவை கேளுங்கள். கம்பெனி வாங்கியது எஸ்கேடி நிலம் என்றால் உங்கள் சான்றிதழ் முந்தும்.

மற்றது பெரிய விஷயம். 1960 நிலச்சட்டம் பிரிவு 21: ஹக் மிலிக் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். வாரிசாகவோ திருமணச் சொத்துக் கலப்பாலோ வெளிநாட்டவர் கைக்கு வந்தால் ஓராண்டுக்குள் விட்டுவிட வேண்டும், இல்லையேல் உரிமை அற்றுப்போகும். சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாத கலப்புத் திருமணத்தில் பிறகு வாங்கியது இருவருக்கும் பொது. நிலம் அவர் பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்ததென்றால் அது அவருடைய தனிச்சொத்து, வயலுக்குப் பயமில்லை. மீன்குட்டைத் துண்டு திருமணத்துக்குப் பின் வாங்கியதென்றால் பயமுண்டு. 2016-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் திருமணத்துக்குப் பிறகும் ஒப்பந்தம் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது, நோட்டரியிடம் போங்கள். நண்பர் பெயரில் வாங்கி வைக்கும் யோசனை யாராவது சொன்னால் பிரிவு 26-ஐப் படிக்கச் சொல்லுங்கள், நிலமும் போகும் பணமும் போகும்.

வயல்நிலத்துக்கு இன்னொரு கட்டு: உரிமையாளர் அதே கெசமாத்தானில் (வட்டத்தில்) குடியிருக்க வேண்டும், அல்லது உழுது பயிர்செய்யும் தூரத்தில் அடுத்ததில் (1961 ஒழுங்குமுறை 224). மனைவியின் அடையாள அட்டை சமாரிண்டா முகவரிக்கு மாறியிருந்தால் கவனம்.

லாடங் | 29 ஏப்ரல் 2025

வீடு உலின் மரமா (அதான், இரும்பு மாதிரிக் கெட்டி மரம்) செங்கலா? வெடி வைக்க ஆரம்பிச்சா அதுதான் அடுத்த சண்டை.

மகாகம்கரை | 29 ஏப்ரல் 2025

முன்பாதி உலின் தூண் மேல் மரவீடு, பின்னால் சமையற்கட்டு செங்கல்.

லாடங் | 30 ஏப்ரல் 2025

மரம் ஆடிக் குடுக்கும், ஒண்ணும் ஆகாது. சமையற்கட்டுதான் பிளக்கும். இரும்புக்கம்பி போட்ட அடிப்பட்டையும் மேல்பட்டையும் இல்லாத சுவர்னா ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா விரிசல் ஓடும். வெடிக்கு முன்னாடியே எல்லாச் சுவரையும் படம் எடுங்க, விரிசல் பக்கத்துல ஸ்கேல் வச்சு, தேதி தெரியுற மாதிரி. பழைய விரிசல் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ரெண்டு பக்கமும் சிமெண்ட் வச்சு ஒட்டுங்க. சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும். ஒட்டும்போது கிராம அலுவலக ஆள் ஒருத்தர் நின்னு கையெழுத்துப் போடட்டும்.

வெடி நேரத்துக்கு மனுஷங்க 500 மீட்டர் தள்ளி நிக்கணும்னு 2018 விதி இருக்கு. உங்க சமையற்கட்டு அதுக்குள்ள வருதான்னு நூல் பிடிச்சுப் பாருங்க. வந்தா ஒவ்வொரு தடவையும் உங்களை வெளியேத்தணும். அதை எழுத்துல கேட்டா வெடி மருந்தைக் குறைப்பாங்க, இல்ல வீட்டுக்கு விலை பேச வருவாங்க. வந்தா உலினைத் தனியா எண்ணுங்க. பிரிச்சு எடுத்துப்போற உரிமை உங்களுக்குன்னு எழுதிக்கணும், அந்தத் தூண்கள் இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது.

கிணத்தடி | 3 மே 2025

கூரைத் தண்ணீர் பிடிக்கிறவராக இருந்தால் தூசிக்கும் வழி செய்யுங்கள். 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை 600 லிட்டர், கையில் சேர்வது 480 வாக்கில். முதல் அரை மில்லிமீட்டரைத் தள்ளிவிட வேண்டும், 30 லிட்டர். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும், நாலு மீட்டர் குழாயை எங்கே நிறுத்துவது? பழைய டிரம்மை வைத்து அடியில் சொட்டுத்துளை போடுங்கள், அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். பத்து நாள் மழையில்லாமல் லாரி ஓடிய பிறகு 30 போதாது, 60 தள்ளுங்கள். லாரி பொதுச்சாலையில் ஓடுகிறதென்றால் அதற்கே தடை இருக்கிறது, மாகாணச் சட்டம் 10, 2012. தேதி போட்ட படத்தோடு புகார் கொடுக்கலாம்.

மகாகம்கரை | 19 மே 2025

கூட்டு அளவைக்குக் கம்பெனி ஆள் வந்தார். நாலு மீட்டரை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு லாரிப் பாதைக்கு வடக்கு ஓரத்தில் 12 மீட்டர் அகலம் இரண்டு வருஷக் குத்தகை கேட்கிறார்கள்.

கரிப்படகு | 19 மே 2025

விற்பனை இல்லை, குத்தகை என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். மேல்மண் 30 சென்டிமீட்டரைத் தனியாகக் குவித்து வைத்துத் திருப்பிப் போட வேண்டும். பாதைக்குக் குறுக்கே வாய்க்காலுக்கு 60 சென்டிமீட்டர் கான்கிரீட் குழாய், அடைத்தால் எடுப்பது அவர்கள் செலவு. கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் தெளிப்பார்கள் என்று எண்ணாக எழுதுங்கள், "தேவைக்கேற்ப" என்று எழுதினால் தெளிக்க மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு நாள் ஓடினாலும் மூன்றாம் வருஷ முழுத்தொகை. அசல் சான்றிதழைக் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

லாடங் | 20 மே 2025

அந்த வடக்கு ஓரத்துப் பாக்கு மரங்களை எண்ணிட்டீங்களா?